அக்காவிடம் கேட்டாச்சா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் சீஷத்துவம் பற்றி, அதாவது இயேசுவின் சீஷராக வளர்வது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒவ்வொரு விசுவாசிக்கும் ஓர் ஆவிக்குரிய தகப்பன், அதாவது விசுவாசத்தில் வழிநடத்தும் மூத்தவர் ஒருவர், வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். சரி, வேண்டும்தான். ஆனால் அந்தத் தகப்பனின் அதிகாரம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே!

1970-களில் அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரத்தை மையமாக வைத்து ஐந்து போதகர்கள் ‘மேய்ப்பர் இயக்கம்’ நடத்தினார்கள். பெங்களூரில் பிறந்த டெரக் பிரின்ஸ் அவர்களில் ஒருவர். அவர் புத்தகங்களைத் தமிழில் படித்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. தொடக்கம் நல்ல எண்ணத்தில்தான். அப்போது பரவிய பக்தி எழுச்சியில், நாம் எழுப்புதல் என்கிறோமே, அதில் வந்த புது விசுவாசிகள் கூட்டம் கூட்டமாக அலைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்திலிருந்து வளர்க்க ஆள் தேவைப்பட்டது. அப்புறம் ஒவ்வொருவருக்கும் ஒரு மேய்ப்பர், அவருக்கு மேலே இன்னொரு மேய்ப்பர் என்று படி வைத்துக் கட்டினார்கள். வேலை, வீடு, கல்யாணம் எதுவானாலும் மேய்ப்பரைக் கேட்க வேண்டும். வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகமும் அவர் கைக்கே. 1975-லேயே தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சன் வெளிப்படையாகக் கண்டித்தார். 1980-களில் டெரக் பிரின்ஸ் விலகினார். ஐவரில் இன்னொருவரான பாப் மம்ஃபோர்ட் 1989-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதற்குள் உடைந்த குடும்பங்கள் உடைந்ததுதான். கட்டுரையாளர் இதையும் எழுதியிருக்கலாம்.

எனக்கு இது படித்துத் தெரிந்த விஷயம் மட்டுமல்ல. கல்லூரி விடுதியில் நான் இருந்த ஜெபக்குழுவில் எதற்கும் முதல் கேள்வி, “அக்காவிடம் கேட்டாச்சா?” குழுவை நடத்தியவரைத்தான் அக்கா என்போம். கிறிஸ்துமஸ் லீவுக்கு என்றைக்கு ஊருக்குப் போகலாம் என்பதைக்கூட அக்காதான் சொல்ல வேண்டும். அம்மாவோடு எனக்கிருந்த மனஸ்தாபத்தை ஒருநாள் அழுதுகொண்டே அக்காவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அது ஜெபக்குறிப்பாக வாசிக்கப்பட்டது! ஏன் என்று கேட்டதற்கு, உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து நடங்கள் என்கிற எபிரெயர் 13:17-ஐக் காட்டினார்கள். அதே வேதத்தில் 1 பேதுரு 5:3, இறுமாப்பாய் ஆளாமல் மந்தைக்கு மாதிரியாக இருங்கள் என்று மேய்ப்பர்களுக்கு எழுதியிருப்பதை யாரும் எடுக்கவில்லை. குழுவைவிட்டு வந்ததும் ‘பின்வாங்கிப்போனவள்’ என்ற பெயர். ஒரே அறையில் இருந்தவளே முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர், சபையின் சார்பில் பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் எங்கள் ஊர் பைபிளம்மா. எட்டாம் வகுப்போடு நின்றவர். படிப்பு முடிந்ததும் அவர் மூலமாகவே எனக்கு ஒரு வரன் வந்தது. என்ன செய்யட்டும் என்று அவரிடமே போய்க் கேட்டேன். “சேர்ந்து ஜெபிப்போம். பதிலை நீதான் சொல்லணும். குடித்தனம் பண்ணப்போறவ நீ” என்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வழக்கம்போல வேப்பமரத்தடியில் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருந்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை