விம் எடிட்டரை விரல்களுக்குக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரக் கல்விப் பக்கத்தில், ஏஐ-யே புரோகிராம் எழுதித் தரும் காலத்தில் லினக்ஸ் ஆய்வகப் பாடத்தில் விஐ எடிட்டர் எதற்கு, எடுத்துவிடலாமே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். விஐ என்பது மவுஸ் இல்லாமல் சாவிகளாலேயே ஃபைலைத் திருத்தும் மென்பொருள், விம் அதன் மேம்பட்ட வடிவம். நான் கோவையில் ஒரு நிறுவனத்தில் சர்வர் பராமரிப்பைப் பார்க்கிறேன். கல்லூரி முடித்து வேலைக்கு வரும் பிள்ளைகளைப் பழக்கிவிடுவதும் என் பொறுப்புதான். பாடத்தை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே சமயம், இப்போது நடத்துகிற மாதிரி நடத்தவும் வேண்டாம்.

இப்போது என்ன நடக்கிறது? ரெக்கார்டு நோட்டில் கோடு போட்டு, ஒரு பக்கம் கட்டளை, மறுபக்கம் அதன் வேலை என்று அட்டவணை எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். 'டிடி' அடித்தால் வரி நீங்கும், 'ஒய்ஒய்' அடித்தால் வரி நகலாகும், 'பி' (p) அடித்தால் ஒட்டும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். அதே பிள்ளையை டெர்மினல் என்ற கட்டளைத் திரை முன்னால் உட்கார வைத்தால், ஃபைலைத் திறந்ததும் முதல் வேலையாக 'ஐ' அழுத்தி, அடிப்பதெல்லாம் எழுத்தாகவே விழும் இன்செர்ட் மோடுக்குப் போய்விடுகிறார். எஸ்கேப் அழுத்தி, சாவிகள் கட்டளைகளாக வேலை செய்யும் நிலைக்கு வெளியே வருவதே இல்லை. அம்புக்குறிச் சாவியை விடாமல் அழுத்திக்கொண்டு எழுத்தெழுத்தாக நகர்ந்து, பேக்ஸ்பேஸால் ஒவ்வொன்றாக அழிக்கிறார். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கிடைத்தது அட்டவணை மட்டும்தான்.

அந்த அட்டவணையில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. விம் கட்டளைகள் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியவை அல்ல, சேர்த்துக்கொள்ள வேண்டியவை. 'டி' நீக்கும், 'சி' நீக்கிவிட்டு எழுத விடும், 'ஒய்' நகலெடுக்கும். இவை செயல்கள். 'டபிள்யூ' அடுத்த சொல்லுக்குப் போகும், 'பி' (b) முந்தைய சொல்லுக்குப் பின்னால் வரும், டாலர் குறி வரியின் கடைசிக்கும் பெரிய 'ஜி' ஃபைலின் கடைசிக்கும் போகும். இவை நகர்வுகள். 'டி'யோடு டாலர் சேர்ந்தால் அங்கிருந்து வரிக் கடைசி வரை நீங்கும், பெரிய 'ஜி' சேர்ந்தால் ஃபைல் முடியும்வரை நீங்கும். மூன்று செயலும் பத்து நகர்வும் தெரிந்தால் முப்பது கட்டளை கையில் இருக்கிறது. புதிதாக ஒரு நகர்வைக் கற்றால் மூன்று செயலோடும் அது உடனே சேர்ந்துகொள்ளும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு போதும்.

அண்மையில் ஓர் இரவு டேட்டாபேஸை வேறு சர்வருக்கு மாற்றினோம். அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிகரேஷன் ஃபைலில் பழைய சர்வரின் ஐபி முகவரி பல இடங்களில் மேற்கோள்குறிகளுக்குள் இருந்தது. பேக்கப் பகுதியில் மட்டும் பழையதே இருக்க வேண்டும், ஆகவே ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒவ்வோர் இடமாகப் போய் அழித்து அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். சாய்கோடு போட்டுப் பழைய முகவரியைத் தேடு. 'சி', 'ஐ', இரட்டை மேற்கோள்குறி, இந்த மூன்றையும் அடி. மேற்கோளுக்குள் இருந்தது முழுக்கப் போய்விடும், கர்சர் உள்ளே நின்றிருக்கும். புது முகவரியை அடித்து எஸ்கேப் அழுத்து. இனி 'என்' அடித்தால் அடுத்த இடம், புள்ளி அடித்தால் அதே மாற்றம். மாற்றக்கூடாத இடம் வந்தால் புள்ளி வேண்டாம், மறுபடி 'என்'. அவ்வளவுதான். ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் பார்த்துத்தான் மாற்றினார், ஆனால் முகவரியை ஒரு தடவைதான் அடித்தார். எழுத்துப்பிழை நுழையவே வழியில்லை.

இந்தப் புள்ளிச் சாவிதான் விம்மின் உயிர் என்பேன். இன்செர்ட் மோடுக்குள் நுழைந்ததிலிருந்து எஸ்கேப் அழுத்தும்வரை அடித்ததெல்லாம் ஒரே மாற்றம். 'யூ' அழுத்தினால் அது மொத்தமாகத் திரும்பும், புள்ளி அழுத்தினால் மொத்தமாக மறுபடி நடக்கும். நடுவில் அம்புக்குறியைத் தொட்டால் அந்த மாற்றம் அங்கேயே துண்டாகிவிடும், புள்ளி கடைசித் துண்டை மட்டும்தான் செய்யும். எஸ்கேப்புக்குத் திரும்பு, திரும்பு என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். எந்த ரெக்கார்டு நோட்டிலும் இதை நான் பார்த்ததில்லை.

'பழைய எடிட்டர்' என்கிறார் அந்த வாசகர். பழையதுதான். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய் 1976-இல் எழுதத் தொடங்கியது விஐ. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினல் கருவியில் எச், ஜே, கே, எல் சாவிகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிட்டிருந்தன, அதனால்தான் விம்மிலும் அந்தச் சாவிகளே கர்சரை நகர்த்துகின்றன. இன்று டேப் இருக்கும் இடத்தில் எஸ்கேப் இருந்தது. தொலைபேசி வழியாக மெதுவாக ஊர்ந்த இணைப்பில் குறைந்த சாவிகளில் வேலை முடிய வேண்டியிருந்தது. தொலைவில் இருக்கும் சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாகப் போகிறவருக்கு இன்றும் அதே நிலைதான். மவுஸ் கிடையாது, இணைப்பு திணறும், பல இடங்களில் வெளி இணையமும் கிடையாது, ஏஐ எழுதிய வரியையும் யாராவது கையால்தான் உள்ளே சேர்க்க வேண்டும். பல லினக்ஸ் கணினிகளில் கிரான்டேப்பை (தானாக நேரத்துக்கு ஓடும் வேலைகளின் பட்டியலை) திருத்தப் போனாலோ, நிர்வாகி அனுமதிகளைத் திருத்த விசுடோ அடித்தாலோ திறப்பதும் இந்த எடிட்டர்தான். மேன் பக்கங்கள் என்ற உதவிக் குறிப்புகளைப் படிக்கும்போதும் ஜே, கே வேலை செய்கின்றன.

தமிழில் தட்டச்சு செய்யும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்99 விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் இருக்கும் இடத்தில் க, ப, ம, த வரும். தமிழ் ஆன் ஆகியிருக்கும்போது எஸ்கேப் அழுத்திவிட்டு ஜே அடித்தால் கர்சர் நகராது. மெஷின் பழுது என்று நினைத்துவிட வேண்டாம், ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும். 'கோ' மேல் நின்று 'எக்ஸ்' அடித்தால் மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்தே நீங்கும். குறி மட்டும் தனியாக நீங்க வேண்டுமென்றால் 'டெல்கம்பைன்' என்ற அமைப்பை ஆன் செய்ய வேண்டும்.

விம்மை 1991-இல் வெளியிட்டு, 2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி மறையும்வரை வளர்த்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலினார். விம்முக்கு விலை வைக்கவில்லை. பிடித்திருந்தால் உகாண்டாவின் கிபாலேயில் உள்ள குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டார். ஃபைல் பெயர் கொடுக்காமல் விம்மைத் திறந்தால், உகாண்டா குழந்தைகளுக்கு உதவக் கேட்கும் வரி திரையில் தெரிவது உண்டு. அவர் பெயரையாவது பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் சொல்ல வேண்டும்.

பாடத்திட்டக் குழுவினருக்கு என் வேண்டுகோள் இதுதான். அட்டவணை எழுதும் பயிற்சியை நீக்குங்கள். விம்மோடு வரும் 'விம்ட்யூட்டர்' பயிற்சியை முடிக்க அரை மணி நேரம் ஆகும், அதை முதல் வகுப்பிலேயே செய்ய வையுங்கள். செய்முறைத் தேர்வில், பிழைகள் நிறைந்த ஒரு கான்ஃபிகரேஷன் ஃபைலைக் கொடுத்து, அம்புக்குறிச் சாவிகளைத் தொடாமல் திருத்தச் சொல்லி மதிப்பெண் போடுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்,
பீளமேடு, கோவை.