முகம் சுண்டிய நாளுக்கு ஒரு சொல்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அம்மிணிக்கு,

வெள்ளிக்கிழமை இரவு நீ தொலைபேசியில் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "முடிவு வருவதற்கு முன்னால் இனிப்பு எதற்கு வாங்கினாய்?" என்று கேட்டேன். அதன்பிறகு நீ இரண்டு வார்த்தைதான் பேசினாய். சாப்பிடப் போகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாய். உன் அம்மா அப்போதிலிருந்து எனக்குச் சோறு மட்டும் போடுகிறாள், பேச்சுக் கொடுப்பதில்லை.

விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசிக் குறள் உனக்கு நினைவிருக்கும். "மோப்பக் குழையும் அனிச்சம் முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து." அனிச்சப்பூ வாட வேண்டுமானால் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்க வேண்டும், வீடு தேடி வந்தவர் வாடுவதற்கோ நம் முகம் சற்று மாறினாலே போதும். தொலைபேசியில் முகம் தெரியாது என்பதால் தப்பித்தேன் என்று எண்ணியிருந்தேன். குரலும் திரியும் என்பது உன் அம்மா சொன்ன பிறகே எனக்கு உறைத்தது. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

நீ கேட்டதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அலுவலகத்தில் எல்லாருக்கும் கொடுப்பதற்காக நெய் மைசூர்பா வாங்கிக்கொண்டு போய், பதவி உயர்வுப் பட்டியலில் உன் பெயர் இல்லை என்று தெரிந்ததும் டப்பாவை மேசைக்கு அடியில் காலால் உள்ளே தள்ளிவிட்டு, உயர்வு பெற்ற பெண்ணுக்குக் கைகொடுத்துச் சிரித்துவிட்டு, மாலையில் அதே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாயே, அப்போது உன்னைப் பிடித்துக்கொண்ட அந்த உணர்ச்சிக்கு என்ன பெயர் என்று கேட்டாய். "அவமானமாக இருக்கிறது அப்பா" என்று நீயே ஒரு பெயரும் வைத்தாய். அந்தப் பெயரை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு நாளாக வேறு வேலையில்லாமல் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். மண்டியில் நாற்பது வருடம் கணக்கு எழுதியவனுக்குத் தொகை தவறான தலைப்பில் ஏறியிருந்தால் தூக்கம் வராது.

நாணுடைமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே வள்ளுவர் அந்தத் தலைப்பைச் சரிசெய்துவிடுகிறார். "கருமத்தால் நாணுதல் நாணு" என்கிறார். தகாத செயலைச் செய்ததற்காக நாணுவதே நாணம் என்பது அதன் பொருள். நீ என்ன தகாத செயலைச் செய்தாய்? பத்துப் பேருக்கு இனிப்புக் கொடுக்க ஆசைப்பட்டாய்.

வெறும் ஏமாற்றம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல்லுக்குள் ஏமாற்றுகிறவன் ஒருவன் எப்போதும் நின்றுகொண்டிருக்கிறான். உனக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, ஆகையால் யாரும் உன்னை ஏமாற்றவுமில்லை. மேலும் ஏமாற்றத்தைத் தனியறையில் உட்கார்ந்து அழுது தீர்க்கலாம். உன்னைக் குத்தியது, கிடைக்காமல் போனதைவிட, கிடைக்கும் என்று நீ நம்பியிருந்தது அந்தப் பையின் வடிவில் நாலு பேர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டதுதான் என்று நினைக்கிறேன். மூக்குடைபட்டது என்பார்கள், அதற்கு எதிரில் சவால் விட்டவன் ஒருவன் வேண்டும். அசடு வழிந்தது என்பார்கள். அது பட்டவரையே அசடாக்கிவிடுகிற இரக்கமற்ற சொல். உன் வயதுக்காரர்கள் பல்பு வாங்கினேன் என்கிறீர்கள். கேட்கச் சிரிப்பு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் பிறர் சிரிப்பதற்கு முன்னால் நாமே முந்திக்கொண்டு சிரித்துவிடுகிற அவசரம் அதில் இருக்கிறது.

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்பார்கள்; தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் இளிவரல், அதாவது இழிவுணர்ச்சி, என்று ஒன்று உண்டு. அது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கினால் பிறக்கும் என்று அவர் வகுத்திருக்கிறார். ஆசைப்பட்டது கைக்கு வராமல் பலர் முன்னால் நிற்க நேர்வதை வருத்தத்துக்குள் அடக்கிக்கொள்ளலாம்தான், ஆனால் அதற்கென்று தனியே ஓர் இடம் அங்கே இல்லை.

எழுத்தில் இல்லாவிட்டாலும் நம் வீட்டுப் பேச்சில் இருக்கிறது. "முகம் சுண்டிப் போச்சு" என்று உன் பாட்டி சொல்வாள். அடுப்பில் வைத்த பால் சுண்டுவதுபோல, சற்று முன்புவரை முகத்தில் ததும்பிக்கொண்டிருந்தது வற்றி அடியில் ஒட்டிக்கொள்கிறது. உன் வீட்டுக்கார அம்மாள் கதவைத் திறந்து உன்னைப் பார்த்ததுமே "மொகம் சின்னபோயிந்தேம்மா?" என்று தெலுங்கில் கேட்டதாகச் சொன்னாய் அல்லவா? முகம் சிறுத்துப்போயிற்றே என்கிறாள். பாட்டியும் அந்த அம்மாளும் பார்த்தது ஒரே முகத்தைத்தான். இரண்டு மொழியும் இந்த உணர்ச்சியை நெஞ்சில் தேடாமல் முகத்தில் கண்டுபிடித்திருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆனால் இவ்விரண்டிலும் ஒரு குறை உண்டு. இரண்டும் பார்க்கிறவருடைய சொற்கள். "அவள் முகம் சுண்டிவிட்டது" என்று பிறர் சொல்வார்கள். "என் முகம் சுண்டிவிட்டது" என்று தன்னைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பட்டவர் தன் வாயால் சொல்லிக்கொள்வதற்கு கேரள எல்லையில் தமிழ் பேசி வாழ்கிற நமக்கு வாய்த்த சொல் மலையாளத்திலிருந்து வந்தது. சம்மல். முதலெழுத்தை, பச்சை என்னும்போது வருகிற சகரத்தைப்போல, அழுத்தி ஒலிக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை; இங்கே தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளும் "சம்மிப் போயிட்டேன்" என்றுதான் சொல்கிறார்கள். மலையாளத்தில் ஜாள்யத என்று பெரிய சொல் ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது மேடைக்கும் பத்திரிகைக்கும் உடுத்திக்கொண்டு போகிற சொல். சம்மல் வீட்டில் உடுத்துவது. அதில் பழியும் இல்லை, குற்றவாளியும் இல்லை; கொஞ்சம் வலி இருக்கிறது, கொஞ்சம் சிரிப்பு இருக்கிறது, பட்டவரே அதைச் சொல்லலாம்.

அந்தச் சொல் எனக்குக் கைகொடுத்த நாளில் நீயும் உடன் இருந்தாய். நீ இரண்டாம் வகுப்புப் படித்த வருடம், இங்கே வாயனசாலை என்கிற நம் ஊர் நூலகத்தின் ஆண்டுவிழாவுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பல வருடங்களாகக் கூலி வாங்காமல் கணக்கு எழுதிக் கொடுத்தவன் நான். இம்முறை எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்று ஒருவர் காதோடு சொல்லியிருந்தார். உன் அம்மா சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தந்தாள். மேடையில் பேசியவர், "நம்முடெ கணக்குகள் இத்ரயும் காலம் நோக்கிய", அதாவது நம் கணக்குகளை இத்தனை காலம் பார்த்த, என்று தொடங்கியதுமே, பெயர் வரும்வரைகூடப் பொறுக்காமல், நான் எழுந்துவிட்டேன். வந்தது வேறொருவர் பெயர். எழுந்தவன் உடனே உட்கார்ந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று வேட்டியைச் சரிசெய்வதுபோல் சற்று நின்று, பிறகு மூலையில் இருந்த தண்ணீர்ப் பானைக்கு நடந்துபோய் இரண்டு டம்ளர் குடித்தேன். கை தட்டும் ஓசை முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும், மண்டிக்கு லாரி ஓட்டிய மலையாளி நண்பர் பக்கத்து நாற்காலியிலிருந்து என் பக்கம் சாய்ந்து, "சம்மியோ?" என்று மெல்லக் கேட்டார். நான் மறைக்கவில்லை. "நன்னாயிட்டு சம்மி", நன்றாகவே சம்மினேன், என்றேன். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் பார்த்துவிட்டார் என்பது எனக்கு வலிக்கவில்லை. பார்த்ததை அந்தச் சொல்லால் சொன்னார் என்பதனால் பாதிச் சுமை அங்கேயே இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை உனக்கு நான் அவராக இருந்திருக்கலாம். நம் பக்கத்துச் சித்தூர் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர் வைத்தார்கள், மலையாளக் கவி எழுத்தச்சனின் குருமடம் இருப்பதும் அதன் கரையில்தான். சோகத்தைத் தீர்க்க ஓர் ஆறே இருக்கிறது, சம்மலைத் தீர்க்க மட்டும் பக்கத்து நாற்காலியில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

அன்று வீடு திரும்பும் வழியில், "அப்பா, எதற்கு நடுவில் எழுந்து போனீர்கள்?" என்று நீ கேட்டாய். தாகமாக இருந்தது என்றேன். எனக்குத் தாகம் இல்லை, அம்மிணி. இத்தனை வருடம் கழித்து அந்த வரியை இப்போது திருத்தி எழுதுகிறேன்.

மாதக் கடைசியில் சபரி ரயிலில் வருவதாகச் சொன்னாய். கோவையில் இறங்கி வேலந்தாவளம் வழியாக வருகிற பஸ்ஸைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். அந்த மைசூர்பாவை எறிந்துவிடாதே. முதல் துண்டை உன் வீட்டுக்கார அம்மாளுக்குக் கொடு, உன் முகத்தைப் பார்த்ததும் கேட்டவர் அவர்தான். மீதம் இருந்தால் இங்கே கொண்டு வா. சர்க்கரை கூடாது என்று டாக்டர் சொன்னதை உன் அம்மா உன் முன்னாலேயே எனக்கு நினைவுபடுத்துவாள், ஒரு துண்டு எடுக்கப் போன கையை நான் திரும்ப இழுத்துக்கொள்வேன். அப்போது அந்தச் சொல்லை நீ கேள்.

உன் அப்பா