தடுப்பூசி ஒப்புதல் படிவம் குறித்துப் பெற்றோருக்கு

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம்.

வரும் வியாழக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள் நம் பள்ளிக்கு வந்து, ஐந்தாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு டிடி தடுப்பூசி போடவிருக்கிறார்கள். இதற்காக அனுப்பிய ஒப்புதல் படிவங்களில் ஒன்று, “என் மகள் நன்றாகத்தான் இருக்கிறாள், ஊசி வேண்டாம்” என்று பென்சிலில் எழுதப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஊசி என்றாலே காய்ச்சலுக்குப் போடுவது என்று நாம் எல்லோரும் பேசிப் பழகிவிட்டோம். காய்ச்சலுக்குப் போடும் ஊசி வந்த நோய்க்கு மருந்து. தடுப்பூசியோ, வராத நோயை உடலுக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டி, அதை எதிர்க்கும் ஆற்றலை உடலே உண்டாக்கிக்கொள்ளும்படி செய்வது. ஆகவே, நன்றாக இருக்கும் பிள்ளைக்குத்தான் அதைப் போட வேண்டும். நம் பாட்டிமார் ‘அம்மை குத்துதல்’ என்று சொன்னதும் இதைத்தான். ‘வேக்சின்’ என்ற சொல்லே பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. 1796இல் எட்வர்ட் ஜென்னர் பெரியம்மையைத் தடுக்க எடுத்தது மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை அல்லவா!

டிடி என்பது ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகிய இரு நோய்களுக்கான தடுப்பூசி. இதில் கிருமியே கிடையாது. கிருமி வெளியிடும் நஞ்சை வீரியம் போக்கிச் சேர்த்திருப்பதால், ஊசியாலேயே அந்நோய் வந்துவிடுமோ என்ற அச்சத்திற்கு இடமில்லை. குழந்தையில் போட்டதன் பலன் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவதால், 10 வயதிலும் 16 வயதிலும் மீண்டும் போடுகிறார்கள். செவிலியர் ‘பூஸ்டர்’ என்பது இதையே. மற்றப் பிள்ளைகள் போட்டுக்கொண்டால் போதாதா என்று ஒரு தந்தை கேட்டார். ரண ஜன்னிக் கிருமி ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை. மண்ணில் கிடந்து, ஆணி குத்திய காயத்தின் வழியே உள்ளே போகிறது. பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை போட்டுக்கொண்ட ஊசி உங்கள் பிள்ளையின் காலைக் காக்காது.

அண்மையில் காயத்திற்காக ஊசி போட்டிருந்தாலோ, முன்பு ஏதேனும் ஊசியால் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலோ, அதைப் படிவத்தின் பின்பக்கம் எழுதி, மருத்துவமனைச் சீட்டையும் இணைத்து அனுப்புங்கள். அன்று காலை பிள்ளைகள் சாப்பிடாமல் வர வேண்டாம். கையில் வலியோ லேசான காய்ச்சலோ ஓரிரு நாள் இருக்கலாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். படிவங்கள் செவ்வாய்க்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்