கொழுந்தின் ஈரத்தை அளக்கும் மாணவர்களும் அலைவுகாட்டியின் புரோப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாட்டிய தேயிலைக் கொழுந்தின் ஈரத்தை மின்முறையில் அளக்கும் கருவியைச் செய்துபார்க்கும் ஆர்வம் எமது மலையக உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவரிடையே இருப்பதை ஓர் இலத்திரனியல் ஆசிரியனாக நான் காண்கிறேன். நீரின் மின்னுழைய மாறிலி (தகடுகளுக்கிடையே வைக்கும் பொருள் கொள்ளளவத்தை எத்தனை மடங்காக்கும் என்ற எண்) அறை வெப்பநிலையில் 80 அளவில் இருக்க, உலர்ந்த இலையினது மிகச் சிறிதாகையால், இரு உலோகத் தகடுகளுக்கிடையே கொழுந்தை வைத்து அவற்றின் கொள்ளளவத்தை, அதாவது மின்னேற்றத்தைச் சேமிக்கும் திறனை, அளந்தால் ஈரத்தை மதிப்பிடலாம் என்ற எண்ணம் சரியானதே. வழுவெல்லாம் அளக்கும் இடத்தில் நேர்கிறது.

5 சென்ரிமீற்றர் பக்கமுள்ள இரு சதுரத் தகடுகளை 2 மில்லிமீற்றர் இடைவெளியில் வைத்தால், வளியில் அவற்றின் கொள்ளளவம் ஏறத்தாழ 11 பிக்கோபரட்டு (கொள்ளளவத்தின் மிகச் சிறிய அலகு) மட்டுமே. பாடசாலைகளில் உள்ள சாதாரண அலைவுகாட்டியின் (மின்னழுத்த மாற்றத்தைத் திரையில் காட்டும் கருவி) புரோப்பை, அதாவது அளக்கும் முனையுள்ள வடத்தை, சைகையைப் பத்திலொன்றாகக் குறைக்கும் 10 மடங்கு நிலையில் வைத்தாலும் அதன் முனையில் 10 முதல் 15 பிக்கோபரட்டு வரை இருக்கும். 1 மடங்கு நிலையில் வடத்தின் கொள்ளளவமும் அலைவுகாட்டியின் உள்ளீடும் சேர்ந்து 100 அளவுக்குப் போய்விடும். ஆகவே 100 கிலோ ஓம் தடையினூடாகத் தகடுகளை மின்னேற்றி, அவற்றிலேயே புரோப்பைக் கொளுவி நேர மாறிலியை (மின்னேற எடுக்கும் நேரத்தின் அளவு) பார்க்கும் மாணவனுக்கு, 1.1 மைக்ரோசெக்கன் கிடைக்கவேண்டிய இடத்தில் 10 மடங்கு நிலையில் 2.3 அளவும் 1 மடங்கு நிலையில் 10 அளவும் கிடைக்கும். கொழுந்தை நிறுக்கப்போய்க் கூடையையும் சேர்த்து நிறுத்த கணக்குத்தான் இது.

உள்ளீட்டுக் கொள்ளளவம் 1 பிக்கோபரட்டு அளவில் உள்ள, உள்ளே பெருக்கி கொண்ட செயற்படு புரோப்புகள் சந்தையில் உண்டு; அவற்றின் விலை எந்தத் தோட்டப் பாடசாலைக்கும் கட்டுப்படியாகாது, அவற்றுக்கான தேவையும் இங்கே இல்லை. புரோப்பைக் கொளுவும் இடத்தை மாற்றினாலே பெரும்பகுதி வழு நீங்கிவிடும். சைகைப் பிறப்பாக்கியிலிருந்து உச்சிக்கு உச்சி 10 வோல்ற்று, 100 கிலோஹேர்ட்ஸ் சைன் அலையைத் தகடொன்றுக்குக் கொடுத்து, மற்றத் தகட்டை 1 கிலோ ஓம் தடையினூடாகப் புவிக்கு இணைத்து, அந்தத் தடைக்குக் குறுக்கே புரோப்பை வைத்தால், 11 பிக்கோபரட்டுக்கு ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று தோன்றும். அந்த மீடிறனில் புரோப்பின் 12 பிக்கோபரட்டுக்கு 130 கிலோ ஓமுக்கு மேற்பட்ட தாக்குதிறன் (ஆடலோட்டத்தை எதிர்க்கும் அளவு) இருப்பதால், 1 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் அது ஒரு பொருட்டே அல்ல. பிறப்பாக்கியின் பக்கத்து வயர்களில் உள்ள கொள்ளளவமும் அளவீட்டைப் பாதிக்காது, ஏனெனில் அதை மின்னேற்றும் சுமை பிறப்பாக்கியைச் சேர்ந்தது.

74எச்சி14 போன்ற ஷ்மிட் தூண்டல் சிப் ஒன்றை வைத்து, கொள்ளளவத்துக்கேற்ப மீடிறன் மாறும் அலையம் ஆக்குவோர், கொள்ளளவி இணைந்த உள்ளீட்டு முனையைத் தொடாது, வெளியீட்டு முனையில் மட்டுமே புரோப்பை வைத்து மீடிறனை வாசிக்க வேண்டும். எந்த முறையானாலும் தகடுகளைக் கழற்றிவிட்டு ஒரு வாசிப்பும், இணைத்த பின் ஒரு வாசிப்பும் எடுத்து, அவற்றிலிருந்து கணிக்கும் கொள்ளளவங்களைக் கழிப்பது அவசியம். பற்றாசின்றிச் சுற்றமைக்கும் பலகையான பிரெட்போர்ட்டின் அடுத்தடுத்த வரிசைகளுக்கிடையிலேயே சில பிக்கோபரட்டு ஒளிந்திருப்பதால், இரு வாசிப்புக்கும் நடுவில் வயரை அசைத்தால் கழித்தும் பயனில்லை. மூடுபனி இறங்கும் காலத்தில், நுவரெலியாப் பக்கத்து ஆசிரியர்கள் நன்கறிந்தபடி, பலகையின் மேற்பரப்பில் படியும் ஈரம் தனியொரு மின்கசிவை உண்டாக்கும். அதைக் கழித்தலால் முழுமையாக நீக்க முடியாது, பலகையைத் துடைத்து உலர்த்தத்தான் வேண்டும்.

10 மடங்குப் புரோப்பை அலைவுகாட்டியின் முகப்பிலுள்ள 1 கிலோஹேர்ட்ஸ் சதுர அலையில் வைத்துச் சீர்செய்யாமலே பாவிப்பதும் பரவலாக உள்ளது. சீர்செய்வது ஒரு நிமிட வேலை.

மாகாண, வலயக் கண்காட்சிகளில் நடுவர்களாக அமர்வோர், மாணவரின் வரைபு நேர்கோடாக இருப்பதை மட்டும் பார்த்துப் புள்ளியிடாது, புரோப் எந்த நிலையில், சுற்றின் எந்த முனையில் வைக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். அந்த இரு விபரங்களுக்கும் செயற்றிட்ட அறிக்கையிலே ஓர் இடம் ஒதுக்குமாறு தொழினுட்பப் பாட ஆசிரியர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
இலத்திரனியல் ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.