நிலாவுக்கு அடுத்த பேரு

பாப்பா,

நேத்து நீ அனுப்புன பேர் லிஸ்ட்டை உங்கப்பாவும் நானும் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவ படிச்சோம். மிலா, லைலா, நைலா, ஷீலா. நிலாவுக்குத் தங்கச்சி வரப்போறா, ரெண்டு பேரும் ஒண்ணுபோல ஒலிக்கணும்னு மாப்பிள்ளை ஆசைப்படுதாரு, அதுல தப்பில்ல, நம்ம தெருவுலயே ரமேஷ் சுரேஷ், லதா கீதான்னு எத்தன வீடு. ஆனா கடைசியில ஒரு வரி எழுதியிருந்த பாரு, "என்னையும் ரம்யாவையும் மாதிரி ஆயிரக்கூடாதும்மா"ன்னு, அதப் படிச்சதுலேர்ந்து எனக்கு மனசு ஆறல. போன்ல பேசுனா அழுதுருவேன், அதான் எழுதுதேன்.

ஏழாங்கிளாஸ்ல ஒருநாள் ஸ்கூல்லேர்ந்து வந்து பையத் தூக்கிப் போட்டுட்டு நடையிலயே உக்காந்துட்ட. அக்கா காந்திமதி, தங்கச்சி ரம்யாவா, ரெண்டு பேரும் ஒரே வீடான்னு டீச்சர் கேட்டாங்களாம், கிளாஸே சிரிச்சுதாம். எனக்கு மட்டும் ஏன் கிழவி பேருன்னு கேட்ட. நான் அன்னைக்கு சரியா பதில் சொல்லல, அடுப்புல வேலையா இருந்துட்டேன்.

1986ல நீ பொறந்தப்ப உனக்குப் பேரு யாரும் யோசிக்கவே இல்லட்டி. தலைச்சம்பிள்ளை பொண்ணு, அதனால அப்பாவப் பெத்த ஆச்சி பேரு, அவ்வளவுதான். பேத்திங்கற சொல்லுலயே பேரு இருக்குல்லா. ஆச்சி கூடப்பொறந்தவங்க பேர வரிசையாச் சொல்லிப் பாரு, நெல்லையப்பன், காந்திமதி, சுடலைமுத்து, பிச்சையா. சாமியும் அம்மனும் டவுண் கோயில்லேர்ந்து வந்தாங்க, சுடலை குலதெய்வம், பிச்சையாவுக்கு முன்னால ரெண்டு பிள்ளை தங்கலன்னு அவர தவிட்டுக்கு வித்துத் திருப்பி வாங்கி அந்தப் பேர வச்சாங்க. ஒலியில ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது, ஆனா நாலையும் சேத்துக் கேட்டா அந்த வீட்ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சிரும்.

எங்க வீட்ல வேற கதை. எங்கப்பா தமிழ் வாத்தியார், கட்சி மீட்டிங் ஒண்ணு விடமாட்டாரு. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் ராமையா அன்பழகன் ஆனதும் பாத்து வளந்த ஆளு, அதனால நாங்க தமிழ்ச்செல்வி, செழியன், பூங்கோதை. மூணும் கேட்ட உடனே ஒரே வீடுன்னு சொல்லிரலாம். தாத்தா அடிக்கடி சொல்லுவாரு, கலைஞர் வீட்டப் பாரு, மேடைப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி நினைவா ஒரு பிள்ளைக்கு அழகிரி, 1953 மார்ச்ல ரஷ்யாவுல ஸ்டாலின் இறந்தாரு, அதே வாரம் பொறந்த பிள்ளைக்கு ஸ்டாலின், பெறவு செல்வி, தமிழரசு, கனிமொழின்னு. எதுகையும் இல்ல மோனையும் இல்ல, ஆனா அந்தந்த நேரத்துல அவரு மனசு எங்க இருந்துச்சுன்னு பேரே சொல்லும்.

1990ல ரம்யா வந்தா. சித்திரை நட்சத்திரம், பே போ ரா ரின்னு ஜோசியர் எழுதிக் குடுத்துட்டாரு. அப்ப காத்து வேற பக்கம் அடிச்சுது, பையன்னா கடைசியில ஷ் வரணும், பொண்ணுன்னா யா வரணும், வித்யா, திவ்யா, சௌம்யா. உங்க சின்னத்தைதான் ரம்யான்னா, எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு, எனக்கும்தான். எங்கப்பா மட்டும் ர தமிழ்ல முதல் எழுத்தா வராதுன்னு கடைசி வரைக்கும் இன்லேண்ட் லெட்டர்ல எல்லாம் "இரம்யாவுக்கு அன்பு முத்தங்கள்"னுதான் எழுதுவாரு.

நீ கவனிச்சிருக்க மாட்ட, முறைப்படி ரெண்டாவது பொண்ணுக்கு எங்கம்மா பேரு வரணும், ஆவுடையம்மாள். தொட்டில்ல போடுற அன்னைக்கு எங்கம்மா பச்சைப் பட்டுப்பாவாடையும் கால்கொலுசும் வாங்கிட்டு வந்து நின்னா. ரம்யான்னு காதுல சொன்னதும் நல்ல பேருன்னு சொல்லிக்கிட்டே கொலுச மாட்டிவிட்டா. திருகாணி ஒண்ணு போடவே வரல அவளுக்கு, நான்தான் போட்டேன். அதுக்குப்பெறவு சாவுற வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. நீ உன் பேருக்காக வருத்தப்பட்ட, நான் இத்தன வருஷமா வருத்தப்பட்டது இதுக்குத்தான்.

இன்னொண்ணும் சொல்லணும். உன்னைய நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லைன்னு ரம்யாகிட்ட கொறைப்பட்டியாம். மாமியார் பேர மருமக வாயால சொல்லக்கூடாது, அப்படித்தான் எங்கள வளத்தாங்க, அதான் நீ பாப்பா. 1991ல உன்ன ஒண்ணாங்கிளாஸ் சேக்கப்போனோம், உங்கப்பா ஊர்ல இல்ல, நானும் ஆச்சியும். ஹெட்மாஸ்டர் பிள்ளை பேரு என்னன்னு பேனாவத் தூக்குனாரு. எனக்கு வாய் வரல. அவரு மறுபடி கேட்டாரு, நான் ஆச்சியப் பாத்தேன், ஆச்சி முந்தானைய வாயில வச்சு சிரிச்சுட்டு, "எம் பேருதான தாயி, சும்மா சொல்லு"ன்னாங்க. காந்திமதின்னு சொன்னேன். சொல்லும்போது காது ரெண்டும் சுட்டுது. வெளிய வந்து பெட்டிக்கடையில உனக்கு ஆரஞ்சு மிட்டாயும் எனக்கு ஒரு கலர் சோடாவும் வாங்கிக் குடுத்தாங்க ஆச்சி. இந்தப் பேரு அப்படி வந்தது, அது கிழவி பேருன்னு இனிமே சொல்லாத.

இப்ப நிலாவுக்கு வருவோம். நிலா அழகான பேரு, உங்க வயசுக்காரங்க யாழினி, ஆதிரை, கயல், மகிழன்னு வைக்கிறதப் பாக்கும்போது எங்கப்பா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாருன்னு நெனைப்பேன். ஆனா மிலா வேண்டாம்னுதான் எனக்குப் படுது. ஒண்ணு, அர்த்தம் நமக்கு ஒட்டல. ரெண்டாவது, நீ மாடியிலேர்ந்து நிலான்னு கத்துனா ரெண்டும் ஓடிவரும், மிலான்னு கத்துனா ரெண்டும் வராது. எதிர் வீட்டு ரமேஷுக்கு விழ வேண்டிய அடி பாதி சுரேஷுக்குத்தான் விழுந்துச்சு. ஆதிரைன்னு வைக்கலாமே, நிலாவும் நட்சத்திரமும் ஒரே வானம்தான, கூப்பிடவும் வேற வேறயா இருக்கும். அங்க வெள்ளைக்காரங்க வாய்க்கும் அது வருமான்னு நீதான் பாக்கணும், உன்னையவே ஆபீஸ்ல சண்முகம்னு அப்பா பேர் சொல்லித்தான கூப்பிடுதாங்க.

மெல்போர்ன்ல பேருக்கு நடுவுல இன்னொரு பேரு எழுத எடம் உண்டுன்னு நிலா பொறந்தப்ப சொன்ன. நீங்க அத சும்மா விட்டுட்டீங்க. இந்தப் பிள்ளைக்கு அந்த எடத்துல ஆவுடைன்னு போட முடியுமா? கூப்பிட வேண்டாம், எழுதுனா போதும். சங்கரன்கோவில் கோமதி அம்மனுக்கு அதான் தமிழ்ப் பேரு, ஆன்னா பசுன்னு தாத்தா சொல்லிக் குடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மாப்பிள்ளைகிட்டயும் சம்பந்தியம்மாகிட்டயும் கேட்டுட்டுச் செய்யி, அவங்க பக்கம் ஒரு பேரு வைக்கணும்னா அது முன்னால வரட்டும்.

ரம்யாகிட்ட இத நான் இன்னும் சொல்லல, நீயே சொல்லு. அந்தக் கொலுசு பீரோவுல பச்சைத் துணியில சுத்தி இருக்கு, ஒரு திருகாணி மட்டும் இல்ல. நாளைக்கு கீழரதவீதியில குடுத்துப் போடச் சொல்லுதேன், வைகாசியில நாங்க வரும்போது கொண்டு வாறோம்.

அம்மா