மீதி வராத பக்கம்

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

கண்ணு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. இமாம்பசந்து நாளைக்குப் பார்சலில் வருகிறது. பழுத்ததை முதலில் சாப்பிடு, மாப்பிள்ளைக்கும் கொடு. போன ஞாயிறும் அவர் ஆபீசில் இருப்பதாகச் சொன்னாய். அதற்கு முந்தைய ஞாயிறும் அப்படித்தான். வேலை இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

பரண் ஒழித்தபோது உன் எட்டாம் வகுப்பு நோட்டு கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் தலையில் 4294967297. ஏற்காட்டில் அத்தை வீட்டார் எல்லாரும் கோடை விழாவுக்குப் போக, நீ மட்டும் திண்ணையை விட்டு நகராமல் போட்ட கணக்கு. 32 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வரும் எண். 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள், அந்த வரிசையில் அடுத்து வரும் இதுவும் அப்படித்தான் என்று ஃபெர்மா என்ற கணித மேதை நம்பினார். உன் தொணதொணப்பு விட்டால் போதுமென்று நானும் அதையே சொல்லி அனுப்பினேன். கணக்கு வாத்தியார் லட்சணம்!

நேற்றிரவு உட்கார்ந்து சரிபார்த்தேன். ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்திருக்கிறாய், 2-ஐக்கூட விடவில்லை நீ. 7-க்கு மீதி 5, 13-க்கு மீதி 10. 631 வரை 115 பகா எண்கள். 409-இல் மட்டும் ஒரு கழித்தல் தவறு. அடுத்து 641. ஈவு 6700417, மீதி பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை அழுத்தி அழுத்தி எழுதியதில் தாளே கிழிந்திருக்கிறது.

ஆய்லர் 1732-இல் கண்டது இதைத்தான். 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும் என்பது அவர் வழி. 193, 257, 449, 577, பிறகு 641. ஐந்தாவதிலேயே முடிந்திருக்கும். அதைச் சொல்லித்தர எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நீ கொண்டுவந்து காட்டியபோது, "எந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதினாய்?" என்று கேட்டேன். அத்தை முன்னால் கேட்டேன். நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாததை நீ கண்டது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து முழு விடை கைக்கு வராமல் நீ என்னிடம் எதையும் சொன்னதில்லை. கல்லூரி மாறியதையும் சேர்ந்த பிறகுதான் சொன்னாய். அம்மா அதை நெஞ்சழுத்தம் என்பாள். பழக்கிவிட்டவன் நான்.

67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 21 இலக்க எண் வரும். அது பகா எண் இல்லை என்று எட்வார்ட் லூகா 1876-இல் நிறுவினார். எதனால் வகுபடும் என்று அவருக்குத் தெரியாது. காரணிகளைக் கோல் என்பவர் கண்டு சொன்னது 1903-இல். அந்த மாதிரி, பாதி தெரிந்தாலும் சொல்லலாம், கண்ணு. மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிறு முழுக்க வீட்டில்தான் இருப்பேன். மாப்பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் போன் செய். வேளைக்குச் சாப்பிடு.

நோட்டும் பார்சலில் வருகிறது. பழச்சாறு படாமல் பாலித்தீன் சுற்றியிருக்கிறேன். 409-ஐ நான் திருத்தவில்லை.

அப்பா