ஆச்சியின் குளியலறைக் கதவுக்கு ஒரு பூட்டு

கால்கரி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆச்சி குளிக்கப் போனால் அம்மா வாசலிலேயே காத்து நிற்பதாக எழுதியிருந்தாய். உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விழுந்துவிட்டால் கதவை உடைக்கத்தான் வேண்டும். அந்தப் பயம் நியாயமானது. இந்த ஊர் வீடுகளில் குளியலறைக்குப் பெரும்பாலும் சாவியில்லாத பூட்டுதான். நம் வீட்டுக்கும் அதுவே சரி.

உள்பக்கக் குமிழின் நடுவில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் வெளிக்குமிழ் திரும்பாது. உள்ளிருந்து குமிழைத் திருப்பினால் பூட்டு தானே விடுபடும். வெளிக்குமிழின் நடுவில் சிறு துளை. அதில் மெல்லிய நேரான கம்பியை நுழைத்து அழுத்தினால் உள்ளே பொத்தான் விடுபட்டுக் கதவு திறக்கும். பொத்தானுக்குப் பதில் விரலால் திருப்பும் திருகு வைத்த வகையில் வெளியே ஒரு கீறல் இருக்கும், நாணயத்தாலேயே திருப்பலாம். ஆச்சி வீட்டுக்கு அந்த வகைதான் நல்லது, அவசரத்தில் கம்பியைத் தேட வேண்டாம். திருடனுக்கு இது பூட்டே அல்ல, மறைவுக்கு மட்டும்தான். சோப்புக் கைக்கு உருண்டைக் குமிழ் வழுக்கும், நீளக் கைப்பிடியாக வாங்கு.

வாங்குமுன் கதவின் கனத்தை அளந்து கடையில் சொல். இங்கே உட்கதவு 35 மி.மீ.; நம் பிவிசி கதவு அதைவிட மெல்லியதாக இருந்தால் பூட்டு ஆடும். கதவின் ஓரத்திலிருந்து, கைப்பிடி உட்காரும் துளையின் மையம் 60 அல்லது 70 மி.மீ. இருக்க வேண்டும்; எது என்று பூட்டைப் பார்த்துவிட்டே ஆசாரி துளைக்கட்டும். இங்கே அந்தப் பெரிய துளை 54 மி.மீ., கதவின் ஓரத்தில் நாக்கு நுழையும் துளை 25 மி.மீ.

நாக்கின், அதாவது பூட்டிலிருந்து நீளும் உலோகத் துண்டின், சரிவான பக்கம் கதவு மூடும் திசையைப் பார்க்க வேண்டும், மாறினால் கதவு சாத்தாது. உள், வெளிக் கைப்பிடிகளை இணைக்கும் இரண்டு திருகாணிகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கச் சொல். ஒரேயடியாக இறுக்கினால் நாக்கு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பூட்டியும் கதவு தள்ளினால் திறக்கிறதென்றால், நிலையில் உள்ள தகட்டின் துளை நாக்குக்கு நேராக இல்லை. நாக்கில் சுண்ணாம்புக்கட்டி தடவிக் கதவைச் சாத்திப் பார், எங்கே படுகிறதென்று தெரியும்.

பூட்டைவிட முக்கியமான ஒன்று. நம் கதவு உள்பக்கம் திறக்கிறது. ஆச்சி அதன் மேலேயே விழுந்து கிடந்தால் எந்தப் பூட்டும் உதவாது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி வைக்க முடியுமா என்று ஆசாரியிடம் கட்டாயம் கேள்.

பழைய தாழ்ப்பாளை அன்றைக்கே கழற்றிவிடு. இருந்தால் ஆச்சி பழக்கத்தில் அதையும் போட்டுவிடுவார்.

அன்புடன்,
அண்ணன்